யானை மேல் துஞ்சிய இளவரசன்

ரேணிகுண்டா – அரக்கோணம் ரயிலில் போகிறவர்கள் நகரி மலையின் உச்சியில் மூக்குப் போல் துருத்தி நிற்கும் பாறையைப் பார்த்திருப்பார்கள். கடலிலிருந்து இவ்வளவு தூரம் உள்ளே இருந்தாலும், வானம் தெளிந்த நாளில் சென்னைக்கு வடக்கே போகும் கப்பல்களுக்கு அந்தப் பாறை தெரியும். பாய்மரக் கப்பல் காலத்து மாலுமிகள் நகரி மூக்கை அடையாளமாக வைத்தே கரையைக் கணித்தார்கள்.

அந்த மலையின் தண்ணீரும் கடலுக்குத்தான் போகிறது. நகரி ஊரையொட்டி ஓடும் குசஸ்தலி ஆறு தமிழ்நாட்டுக்குள் புகுந்து, பூண்டி நீர்த்தேக்கத்துக்கு மேலே கொசஸ்தலை ஆற்றோடு கலக்கிறது. கொசஸ்தலை எண்ணூர் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது. ஆண்டில் பல மாதம் மணலாகக் கிடக்கும் ஆறு. பாலாறு, காவிரி போலப் பாட்டும் பெருமையும் இதற்குக் கிடையாது. ஆனால் 949-ஆம் ஆண்டில் சோழ நாட்டின் தலைவிதியை மாற்றிய யுத்தம் இதன் கரையில்தான் நடந்தது. அரக்கோணத்தில் இறங்கி, செங்கல்பட்டு மார்க்கத்தில் சிறிது தூரம் போனால் வரும் தக்கோலம் என்ற ஊர்தான் அந்தப் போர்க்களம். அங்கே மாண்டவன் சோழப் பட்டத்து இளவரசன் ராஜாதித்தன்.

ராஜாதித்தன் முதலாம் பராந்தக சோழனின் மூத்த மகன். தாய் கோக்கிழானடிகள். கண்டராதித்தனும் அரிஞ்சயனும் தம்பிகள். அவன் பிறந்த ஆண்டு கல்வெட்டில் இல்லை. ஆனால் எப்படிப்பட்ட வீட்டில் பிறந்தான் என்பதற்குச் சான்று உண்டு. பாட்டனார் முதலாம் ஆதித்தன் பல்லவ மன்னனை அவன் ஏறியிருந்த யானை மீதே பாய்ந்து கொன்று, தொண்டை மண்டலத்தைச் சோழருக்குச் சேர்த்தவர் என்று பிற்காலக் கன்னியாகுமரிக் கல்வெட்டு சொல்கிறது. காவிரிக் கரையில் தொடங்கிய சோழர் கொடி அப்போதுதான் பாலாற்றைத் தாண்டி வடக்கே வந்தது.

அந்த ஆதித்தன் 907-ஆம் ஆண்டு வாக்கில் உயிர் விட்டதும் வடக்கேதான். காளஹஸ்திக்குப் பக்கத்தில், சுவர்ணமுகி ஆற்றங்கரையில் உள்ள தொண்டமநாடுதான் பழைய தொண்டைமானாற்றூர். அங்கே இறந்ததால் அவருக்குத் தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார் என்றே பெயர் நிலைத்தது. அவர் நினைவாகப் பராந்தகன் கட்டிய ஆதித்தேசுவரம் கோயில் இருக்கும் இடம் அது. திருப்பதியில் வேலை பார்க்கும் தமிழர்கள் காளஹஸ்திக்குப் போகும்போது கொஞ்சம் வழிவிலகினால் பார்த்துவிடலாம். வெளியூர்க்காரர் அதிகம் எட்டிப் பார்க்காத கோயில்.

பராந்தகன் 907 முதல் 955 வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆண்டவன். மதுரையைப் பிடித்தான். குடவோலை முறையைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் வெட்டப்பட்டது அவன் காலத்தில்தான். ஆனால் அவனுக்குத் தலைவலி வந்தது வடமேற்கிலிருந்து. இன்றைய சித்தூர் ஜில்லாவும் அதைச் சுற்றிய பிரதேசமும் அன்று பாணர்கள், வைதும்பர்கள் என்ற சிற்றரசர்களின் நாடு. அவர்களுக்குப் பின்னால் கர்நாடகத்தில் கங்கர்கள். எல்லோருக்கும் மேலே, மானியகேடத்தில் இருந்துகொண்டு தக்காணம் முழுவதையும் ஆண்ட ராஷ்டிரகூடர்கள்.

பராந்தகன் பட்டத்துக்கு வந்த சில வருஷங்களிலேயே ராஷ்டிரகூட இரண்டாம் கிருஷ்ணன் படையெடுத்து வந்தான். அவன் ஆதித்த சோழனுக்குப் பெண் கொடுத்தவன். தன் மகள் வயிற்றுப் பேரனுக்குச் சோழப் பட்டம் கிடைக்கவில்லை என்பது அவன் மனக்குறை. சித்தூர்ப் பக்கமிருந்து இறங்கி வரும் பொன்னையாற்றின் கரையில், திருவல்லத்தில் யுத்தம் நடந்தது. பராந்தகன் ஜெயித்தான். அவனுக்குத் தோள் கொடுத்தவன் கங்க மன்னன் இரண்டாம் பிருதிவீபதி. பிறகு பாணர் நாட்டைப் பிடித்து அதைப் பிருதிவீபதிக்கே கொடுத்தான் பராந்தகன். சோளிங்கர் பாறைக் கல்வெட்டு இதற்குச் சாட்சி.

ராஜாதித்தனின் கதையைப் புரிந்துகொள்ள இந்த ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். மைசூர்ப் பீடபூமியிலிருந்து தமிழகத்துக்குப் படை இறங்க வழிகள் சிலவே. சித்தூர்க் கணவாய்கள் வழியாக இறங்கினால் பொன்னையாறு, பாலாறு, அப்பால் காஞ்சிபுரம். செங்கம் கணவாய் வழியாக இறங்கினால் தென்பெண்ணைப் பள்ளத்தாக்கு, திருக்கோவலூர், அப்பால் சோழ நாடு. ஆயிரக்கணக்கான குதிரைக்கும் யானைக்கும் தினம் தண்ணீர் காட்ட வேண்டிய படை, ஆற்றை விட்டு வெகுதூரம் விலகிப் போக முடியாது. ஆறுகளைக் காத்தால் நாட்டைக் காத்த மாதிரி. வடக்கு வாசலைப் பிருதிவீபதி பார்த்துக்கொண்டான். தெற்கு வாசலில் பராந்தகன் தன் மூத்த மகனை நிறுத்தினான்.

பெண்ணைக் கரை வாசம்

திருமுனைப்பாடி நாடு என்பது இன்றைய விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிப் பகுதி. சுந்தரமூர்த்தி நாயனார் பிறந்த திருநாவலூரில் ராஜாதித்தன் பெரும்படையோடு தங்கினான். தம்பி அரிஞ்சயனும் அங்கே இருந்திருக்கிறான். ஒன்றிரண்டு மாதம் கூடாரமடித்துத் தங்கியதல்ல அது. வருஷக்கணக்கில் நீடித்த வாசம். ஊருக்கே ராஜாதித்தபுரம் என்று இன்னொரு பெயர் வந்துவிட்டது. திருநாவலூர்க் கோயிலில் விளக்கெரிக்க அவனுடைய பரிவாரத்தார் கொடுத்த தானங்கள் கல்லில் இருக்கின்றன. அவர்களில் மலைநாட்டுச் சேவகர்களும் உண்டு. சேர நாட்டிலிருந்து வேலைக்கு வந்து, வந்த ஊரின் சாமிக்கு விளக்கு வைத்தவர்கள். ஊர் விட்டு ஊர் வந்து சம்பாதிக்கிறவர்கள் செய்வது ஆயிரம் வருஷமாக மாறவில்லை.

அந்த மலைநாட்டாரில் முக்கியமானவன் வெள்ளங்குமரன். கேரளத்துப் புத்தூரைச் சேர்ந்தவன். ராஜாதித்தனின் படைத்தலைவன், நெருங்கிய துணைவன். 943-ஆம் ஆண்டில் பெண்ணையாற்றங்கரையில், கிராமம் என்றே பெயருள்ள ஊரில், சிவபெருமானுக்குக் கற்கோயில் எடுத்தான். யுத்தம் வருமா வராதா என்று தெரியாமல் எல்லையில் காத்திருக்கும் படை, அந்தக் காலத்தில் கோயில் கட்டியது.

ஏரியும் வெட்டியது என்பது தலைமுறை தலைமுறையாக வரும் செய்தி. காட்டுமன்னார்கோவிலை ஒட்டிக் கடல் போல் விரிந்து கிடக்கும் வீராணம் ஏரியின் முழுப்பெயர் வீரநாராயணன் ஏரி. வீரநாராயணன் என்பது பராந்தகனின் விருதுப் பெயர். சும்மா இருக்கும் படைவீரர்களைக் கொண்டு ராஜாதித்தன் அதை வெட்டுவித்துத் தந்தையின் பெயரைச் சூட்டினான் என்று சொல்வார்கள். கொள்ளிடத்துத் தண்ணீர் வடவாறு வழியாக வந்து அதை நிரப்புகிறது. கல்கியின் பொன்னியின் செல்வன் தொடங்குவது அந்த ஏரிக்கரையில்தான். 2004-லிருந்து சென்னை நகருக்குக் குடிதண்ணீர் அங்கிருந்தும் போகிறது.

இதற்கிடையே வடக்கே நிலைமை கெட்டுக்கொண்டு வந்தது. 940 வாக்கில் பிருதிவீபதி இறந்தான். அவன் மகன் முன்பே போய்விட்டான். தெற்கு வாசலில் இளவரசனே படையோடு நிற்க, வடக்கு வாசல் காவலாளி இல்லாமல் கிடந்தது. நாட்டை இழந்த பாணர்களும் வைதும்பர்களும் ராஷ்டிரகூடர் அரண்மனையில் அடைக்கலம் புகுந்து, நாட்டை மீட்டுக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே 939-இல் மூன்றாம் கிருஷ்ணன் பட்டத்துக்கு வந்திருந்தான். தமிழ்க் கல்வெட்டுகள் கன்னரதேவன் என்று சொல்வது இவனைத்தான். கங்க நாட்டிலோ இவனுடைய சகோதரியை மணந்த இரண்டாம் பூதுகன், இருந்த அரசனைக் கொன்று சிம்மாசனம் ஏறினான். ஆக, ஒரு காலத்தில் சோழருக்குத் துணை நின்ற கங்கர் படை இப்போது எதிரிப் பக்கம்.

சோழர்கள் அபாயத்தைச் சரியாக மதிப்பிட்டார்களா என்ற சந்தேகம் எழுகிறது. 941-ஐ ஒட்டிப் பராந்தகனின் தளபதி மாறன் பரமேசுவரன் நெல்லூர் வரை சென்று சீட்புலி என்பவனை வென்று, திரும்பும் வழியில் திருவொற்றியூர்க் கோயிலுக்குத் தானம் செய்தான். வெற்றிதான். ஆனால் மேற்கிலிருந்து இடி வரும் என்று தெரிந்த நேரத்தில், வடக்கே பெண்ணாற்றங்கரை வரை படையை நீட்டியது எவ்வளவு புத்திசாலித்தனம் என்பது வேறு கேள்வி.

தக்கோலம்

949-ஆம் ஆண்டில் கிருஷ்ணனும் பூதுகனும் தொண்டை மண்டலத்துக்குள் புகுந்தார்கள். திருமுனைப்பாடியிலிருந்து ராஜாதித்தன் வடக்கே விரைந்தான். பெண்ணை, செய்யாறு, பாலாறு என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆறுகளைக் கடந்து காஞ்சிபுரத்துக்கும் அப்பால் வந்தான். இத்தனை வருஷம் எந்த ஆற்றங்கரையைக் காத்து நின்றானோ, அங்கே எதிரி வரவில்லை.

தக்கோலம் காஞ்சியிலிருந்து வடக்கே சுமார் 30 கிலோமீட்டர். கொசஸ்தலையைச் சேர்ந்த கல்லாற்றின் கரை. ஞானசம்பந்தர் பாடிய திருவூறல் தலம் அது. ஜலநாதேசுவரர் கோயில் இருக்கிறது. நீர் ஊறும் தலம் என்பதால் அந்தப் பெயர். சுற்றிலும் சமவெளி. யானைப் படையும் குதிரைப் படையும் மோதுவதற்குத் தோதான திடல், பக்கத்தில் தண்ணீர். காஞ்சிக்கு வடக்கே நின்று மறிப்பதென்றால் இங்கேதான் மறிக்க வேண்டும்.

சோழர் படை முதலில் பலமாகவே போரிட்டது. பிற்காலச் சோழர்களின் ஆனைமங்கலம் செப்பேடு, ராஜாதித்தன் கிருஷ்ணனுடைய சேனையையே கலக்கினான் என்கிறது. அவன் யானை மீது அமர்ந்து படையை நடத்தினான். அன்றைய யுத்த தர்மப்படி அரசகுமாரன் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி உயரத்தில் இருக்க வேண்டும். அவன் தெரிகிற வரை படை நிற்கும். எதிரிக்கும் அவன் அதே மாதிரி தெரிவான் என்பதுதான் அதிலுள்ள ஆபத்து. பூதுகன் அந்த யானையை நோக்கி வந்தான். அம்பாரியிலேயே ராஜாதித்தன் அடிபட்டு மாண்டான். கொன்றது பூதுகன் என்கிறது கங்கர் கல்வெட்டு. செப்பேடோ கூரிய அம்புகள் பாய்ந்து வீர சொர்க்கம் சேர்ந்தான் என்று சொல்லி, கிருஷ்ணன் பெயரோடு முடித்துக்கொள்கிறது.

பாட்டனார் எதிரியை யானை மேல் கொன்று தொண்டை மண்டலத்தை வாங்கினார். பேரன் யானை மேல் உயிர் விட்டபோது அது கைமாறியது. ராஜாதித்தன் பட்டத்துக்கு வராமலே போனான். சரித்திரத்தில் அவனுக்கு நிலைத்த பெயர் யானை மேல் துஞ்சின தேவர் என்பது.

இதில் நெடுநாள் ஒரு வதந்தி உண்டு. பூதுகன் நண்பன் போல் தழுவி வஞ்சகமாகக் குத்தினான் என்று. மைசூர்ப் பக்கம் ஆதகூரில் கிடைத்த கல்வெட்டை முதலில் படித்தவர்கள் ஒரு சொல்லைத் தவறாகப் பொருள் கொண்டதால் வந்த வினை அது. அம்பாரியையே போர்க்களமாக்கிக் கொன்றான் என்பதுதான் சரியான பொருள் என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். சினேகத் துரோகத்தால் அல்ல, நேருக்கு நேர் நடந்த சண்டையில் விழுந்தவன் ராஜாதித்தன். அவனுக்கும் அது மரியாதை, பூதுகனுக்கும் மரியாதை.

அந்த ஆதகூர்க் கல்லை இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அதை நட்டவன் பூதுகனின் வீரன் மணலேரன். தக்கோலத்தில் அவன் காட்டிய வீரத்தை மெச்சி, வேண்டியதைக் கேள் என்று பூதுகன் சொன்னபோது, காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கினானாம். அந்த நாய் பிறகு ஒரு பெரிய காட்டுப் பன்றியோடு போராடி அதைக் கொன்று தானும் செத்தது. அதற்காக நட்ட நடுகல்லில்தான் ராஜாதித்தன் மரணமும் எழுதப்பட்டிருக்கிறது. சோழ இளவரசனின் முடிவைச் சொல்லும் முக்கியமான சாட்சி ஒரு நாயின் ஞாபகக் கல். பூதுகனுக்குக் கிருஷ்ணன் கொடுத்த பரிசு இன்னும் பெரிது: வனவாசி பன்னீராயிரம், பெள்வோலம் முந்நூறு முதலிய நாடுகள்.

இளவரசன் விழுந்ததும் ஆறுகள் அத்தனையும் ஒரே நாளில் போயின என்று சொல்லலாம். வேலூருக்கு அருகே சோழபுரத்தில் சக ஆண்டு 871-ஐச் சேர்ந்த கல்வெட்டு, ராஜாதித்தனைக் கொன்று கன்னரதேவன் தொண்டை மண்டலம் புகுந்த வருஷம் என்றே காலத்தைக் குறிக்கிறது. கச்சியும் தஞ்சையும் கொண்டவன் என்று அவன் பட்டம் சூட்டிக்கொண்டான். தஞ்சையில் அவன் நிலைக்கவில்லை. ஆனால் பாலாறும் பெண்ணையும் அவன் கைக்குப் போயின. 959-இல் அவன் பொன்னையாற்றங்கரை மேல்பாடியில் பாசறை இறங்கி, வென்ற நாடுகளைத் தன் ஆட்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தபோது வெளியிட்ட செப்பேடு கிடைத்திருக்கிறது. அவன் கொள்ளுப்பாட்டன் இரண்டாம் கிருஷ்ணன் தோற்ற திருவல்லம் அதே ஆற்றின் கரைதான்.

பராந்தகன் மகனுக்குப் பிறகு சில வருஷமே இருந்தான். கண்டராதித்தனும் அரிஞ்சயனும் அடுத்தடுத்து வந்து, கொஞ்ச காலமே ஆண்டு மறைந்தார்கள். அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன் காலத்தில்தான் தொண்டை மண்டலம் மெல்ல மெல்லத் திரும்பியது. ராஷ்டிரகூடர்களும் நெடுநாள் வாழவில்லை. 973-இல் அந்த வமிசமே அரசிழந்தது. சுந்தர சோழன் மகன் ராஜராஜன் எல்லாவற்றையும் மீட்டான். அவன் மகன் ராஜேந்திரன் 1025-இல் கப்பற்படையோடு கடாரம் சென்றான். ராஜராஜன் தன் கடைசி நாட்களில், கிருஷ்ணன் பாசறை இறங்கிய அதே மேல்பாடியில், ஆற்றூரில் இறந்த பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படைக் கோயில் கட்டினான். காட்பாடிக்கு வடக்கே, சித்தூர் எல்லைக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது.

தக்கோலத்துச் சமவெளி பிற்காலத்தில் வேறு படைகளைக் கண்டது. 1992 மார்ச்சில் அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமான தளம் தொடங்கப்பட்டது. கடற்கரையே இல்லாத ஊரில் கடற்படைக்கு என்ன வேலை என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பதுண்டு. வங்காள விரிகுடாவைக் கண்காணிக்கும் நீண்டதூர விமானங்கள் எழும்புவது அங்கிருந்துதான். தக்கோலத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம் இருக்கிறது. நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் வரும் இளைஞர்கள் அங்கே கவாத்து பழகுகிறார்கள். 2025-இல் அந்த மையத்துக்கு ராஜாதித்த சோழன் பெயர் வைக்கப்பட்டது.

வெள்ளங்குமரன் என்ன ஆனான்? யுத்தம் நடந்த அன்று அவன் தலைவன் பக்கத்தில் இல்லை. கூடவே சாகும் பாக்கியம் கிடைக்காமல் போனது அவனை வாட்டியது. படைத்தொழிலை விட்டான். கங்கைக்குப் போய் நீராடினான். துறவு பூண்டு, திருவொற்றியூர் மடத்தில் சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு தலைவராக அமர்ந்தான். திருவொற்றியூர்க் கல்வெட்டு கூறும் துறவியின் வரலாற்றையும் கிராமத்துக் கோயில் கல்வெட்டையும் ஒப்பிட்டு, இருவரும் ஒருவரே என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். தக்கோலத்து ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரம் அந்த மடத்துக்குச் சற்று வடக்கே. அங்கே அவர் கோயிலுக்குப் பொன் கொடுத்து வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்தார். அந்தக் கல்வெட்டு அவருடைய பழைய கதையையும் துக்கத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் ஊர் அப்போது யார் ஆட்சியில் இருந்ததோ அவர் பெயரில்தானே கல்லில் ஆண்டு பொறிக்க வேண்டும். ராஜாதித்தனுக்காக உருகும் அந்தக் கல்வெட்டின் தலைப்பில் இருப்பது கன்னரதேவனின் ஆட்சியாண்டு.